ஃபார்மட் போடுவதற்கு முன்

2015 ஜூலை 29 அன்று வெளியான விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழக்கமாக வழங்கிவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டதிலிருந்து, வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்துவரும் மேசைக் கணினிகளைப் பற்றிய பழைய கேள்வி ஒன்று மீண்டும் எழுந்திருக்கிறது. வேகம் குறைந்து, வேலையின் நடுவே உறைந்து, சில நாட்களில் தொடங்கவே மறுக்கும் இந்தப் பொறிகளில் பழுது உண்மையில் எங்கே இருக்கிறது என்பதே அக்கேள்வி. பழுதுபார்க்கும் கடைகளில் இதற்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றுதான்: ஹார்ட் டிஸ்க்கை அழித்துவிட்டு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவது, அதாவது ‘ஃபார்மட் போடுவது’. சில சமயங்களில் அது கைகொடுக்கிறது என்பதாலேயே எல்லாச் சமயங்களிலும் கைகொடுக்கும் என்ற நம்பிக்கை வேரூன்றிவிட்டது. கைகொடுக்காத இடங்களில் பழி கணினியின் வயதின் மீது போடப்படுகிறது.

கோளாறைத் தேடுமுன் தேடும் இடத்தை வரையறுத்துக்கொள்ள வேண்டும். கடிதம் அடிக்கவும் கணக்கு எழுதவும் பயன்படுபவை பயன்பாட்டு மென்பொருள்கள்; அவற்றுக்கு அடியில் இருந்துகொண்டு வன்பொருளை இயக்கி, நினைவகத்தைப் பங்கிட்டு, கோப்புகளைக் காத்து, வலையமைப்புடன் தொடர்புகொள்பவை அமைப்பு மென்பொருள்கள். மதர்போர்டின் சில்லில் பதிந்திருக்கும் பயாஸ் என்னும் தொடக்க நிரல், அது அழைக்கும் ஏற்றுநிரல், இயங்குதளத்தின் மையமான கெர்னல், ஒவ்வொரு கருவிக்கும் உரிய டிரைவர்கள், பின்னணியில் ஓடும் சேவைகள் என்று இவை ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. இவற்றில் எதுவும் தேய்வதில்லை. 2012இல் வட்டில் எழுதப்பட்ட ஒரு டிரைவர் கோப்பு, வட்டு அதைப் பிழையின்றித் திருப்பித் தரும்வரை, இன்றும் அதே பிட்டுகளின் அதே வரிசைதான். ஆகவே பழைய கணினியின் மென்பொருள் ‘கெட்டுவிட்டது’ என்று சொல்லப்படும்போது மூன்றில் ஒன்று நிகழ்ந்திருக்கிறது: மென்பொருள் நம்பியிருக்கும் வன்பொருள் மாறியிருக்கிறது, அல்லது அது தொடர்புகொள்ளும் வெளியுலகம் மாறியிருக்கிறது, அல்லது பல ஆண்டுகளின் திருத்தங்களும் எச்சங்களும் உள்ளே சேர்ந்து ஒன்றையொன்று தடுக்கின்றன. ஃபார்மட் என்பது மூன்றாவதற்கு மட்டுமே உரிய மருந்து. முதலாவதற்கு அதைச் செய்வது, ஓடு ஒழுகும் வீட்டின் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்கு ஒப்பானது. இரண்டாவதிலோ அது கோளாறை அதிகப்படுத்தவே செய்யும்.

கடிகாரமும் பட்டன் செல்லும்

மின்சாரம் நிறுத்தப்பட்ட பின்னும் கணினி நேரத்தையும் பயாஸ் அமைப்புகளையும் மறவாதிருப்பதற்குக் காரணம், மதர்போர்டில் நாணய வடிவில் பொருத்தப்பட்டிருக்கும் 3 வோல்ட் லித்தியம் செல் ஆகும். சிமாஸ் பேட்டரி என்று கடைகளில் அழைக்கப்படும் இதன் குறியீடு பெரும்பாலும் சிஆர் 2032. கணினியின் மின்செருகி இணைந்திருக்கும்வரை, பொறி அணைந்திருந்தாலும், எஸ்எம்பிஎஸ் என்னும் மின்வழங்கி அனுப்பும் சிறிய காத்திருப்பு மின்னோட்டமே கடிகாரத்தை ஓட்டுவதால் செல்லுக்கு வேலை குறைவு. வேலை முடிந்ததும் சுவரில் உள்ள சுவிட்சையும் அணைத்துவிடும் வழக்கம் நம் வீடுகளில் பரவலாக இருப்பதால், இரவு முழுவதும் கடிகாரத்தைத் தாங்குவது இந்தச் செல்தான். அது விரைவாகவே வற்றிவிடுகிறது. மின் பாதுகாப்பு நோக்கில் அந்த வழக்கத்தைக் குறைசொல்ல இடமில்லை. செல்லை மாற்ற வேண்டிய காலம் முந்தி வரும் என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

செல் வற்றிய கணினி காட்டும் முதல் அறிகுறி, கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய் நிற்பது. இணையத்தளங்கள் தம்மை யார் என்று நிறுவுவதற்குக் காட்டும் மின்சான்றிதழ் ஒவ்வொன்றும் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்ற வரம்புடன் வழங்கப்படுகிறது. கணினியின் நாள்காட்டி 2009இல் நின்றிருந்தால், 2025இல் வழங்கப்பட்ட சான்றிதழ் அதன் கண்ணுக்கு இன்னும் செல்லுபடியாகத் தொடங்காத ஒன்றாகிவிடுகிறது; உலாவி எச்சரிக்கிறது, அப்டேட் தோற்கிறது, மின்னஞ்சல் நிரல் இணைய மறுக்கிறது, வைரஸ் தடுப்பு நிரலின் உரிமம் குழம்புகிறது. விண்டோஸ் வழங்கியின் கீழ் இயங்கும் அலுவலக வலையமைப்பில், வழங்கியின் நேரத்துக்கும் கணினியின் நேரத்துக்கும் இயல்பாக அனுமதிக்கப்படும் வேறுபாடு 5 நிமிடங்கள் மட்டுமே என்பதால், சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் உள்நுழைய முடியாத நிலை ஏற்படலாம். இவை அனைத்தும் ஒரே நாளில் சேர்ந்து வருவதைப் பார்ப்பவர் வைரஸ் தாக்குதலைத்தான் முதலில் ஐயுறுவார்.

இணையத்தோடு இணைந்திருக்கும் கணினி நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளாதா என்ற கேள்வி நியாயமானது. விண்டோஸில் அதற்கென ஒரு சேவை இருக்கிறது; ஆனால் தனித்து இயங்கும் கணினிகளில் அது இயல்பாக ஏற்கும் திருத்தத்தின் உச்சவரம்பு 54,000 நொடிகள், அதாவது 15 மணி நேரம். அதற்கு மேற்பட்ட பிழையைக் கண்டால், தவறு தன் பக்கமா வெளிப்பக்கமா என்று தீர்மானிக்க இயலாமல் திருத்தாமலே விட்டுவிடுகிறது. தவறான நேரத்தைப் பரப்பும் ஒரு வழங்கி எல்லாக் கணினிகளையும் கெடுத்துவிடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கை, செல் வற்றிய பொறிக்குப் பாதகமாக முடிகிறது.

இரண்டாவது அறிகுறி கடுமையானது. செல் வற்றும்போது பயாஸில் தேர்ந்திருந்த அமைப்புகளும் அழிந்து, தொழிற்சாலையில் வைத்த நிலைக்குத் திரும்புகின்றன. ஹார்ட் டிஸ்க்கோடு தொடர்புகொள்ளும் முறையும் அவற்றுள் ஒன்று. பழைய முறைக்கு ஐடிஇ என்றும், சாட்டா வட்டுகளுக்கென வந்த புதிய முறைக்கு ஏஹெச்சிஐ என்றும் பெயர். விண்டோஸ் 7 நிறுவப்படும்போது எந்த முறை இருந்ததோ அதற்குரிய டிரைவரை மட்டும் தொடக்கத்தில் ஏற்றுமாறு குறித்துக்கொண்டு மற்றதை ஓய்வில் வைத்துவிடுகிறது. ஏஹெச்சிஐ முறையில் நிறுவிய கணினியில் செல் வற்றி, பயாஸ் ஐடிஇ முறைக்குத் திரும்பிவிட்டால், இயங்குதளம் தான் குடியிருக்கும் வட்டையே அடையாளம் காண முடியாமல், 7பி என்று முடியும் பிழைக்குறியீட்டுடன் நீலத்திரையில் நின்றுவிடுகிறது. தொடக்க வட்டை அணுக இயலவில்லை என்பது அந்தக் குறியீட்டின் பொருள். வட்டில் ஒரு பைட்டும் சேதமாகவில்லை. பயாஸில் நுழைந்து ஒரே ஒரு வரியைப் பழைய நிலைக்கு மாற்றி, புதிய செல்லைப் பொருத்தினால் போதும். அறியாதவர் கையில் இதே கணினி ஃபார்மட்டுக்கு ஆளாகி, பல ஆண்டுப் படங்களையும் கணக்குகளையும் இழக்கிறது. விண்டோஸ் 8 முதற்கொண்டு, இத்தகைய மாற்றத்துக்குப் பின் ஒருமுறை சேஃப் மோடில் தொடங்கினால் தேவையான டிரைவரை இயங்குதளமே எழுப்பிக்கொள்கிறது.

மென்பொருள் வேடமிட்ட வன்பொருள்

வன்பொருளின் தளர்ச்சி மென்பொருளின் மந்தமாக உருமாறுவதற்கு விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கோளாறு ஒன்று இன்றும் சிறந்த பாடமாக இருக்கிறது. வட்டிலிருந்து தரவை நினைவகத்துக்குக் கொண்டுபோவதற்கு இரண்டு வழிகள் உண்டு. செயலி தலையிடாமல் வட்டே நேரடியாக நினைவகத்தில் எழுதுவது டிஎம்ஏ முறை. ஒவ்வொரு சிறு துண்டையும் செயலியே எடுத்து வைப்பது பிஐஓ முறை. இரண்டாவதன் வேகம் அதன் உயர்ந்த படியிலும் கோட்பாட்டளவில் நொடிக்கு 16.6 மெகாபைட்தான், அதற்கும் செயலியின் உழைப்பு முழுவதும் செலவாகிவிடும். எக்ஸ்பியின் வட்டு டிரைவர், தரவு வழியில் சிதைந்ததாலோ உரிய நேரத்தில் பதில் வராததாலோ ஏற்பட்ட பிழைகளை எண்ணிக்கொண்டே வந்து, மொத்தம் ஆறானதும் பரிமாற்ற வேகத்தை ஒரு படி குறைத்தது. பிழைகள் தொடர்ந்தால் படிப்படியாக இறங்கி இறுதியில் பிஐஓவில் கொண்டுபோய் நிறுத்தியது. இடையில் எத்தனை இலட்சம் பரிமாற்றங்கள் வெற்றியாக முடிந்தாலும் அந்த எண்ணிக்கை இயல்பாகப் பூச்சியத்துக்குத் திரும்பவில்லை. சற்றே தளர்ந்த ஒரு கேபிள் ஆண்டுக்கு ஓரிரு பிழைகளைத் தந்தால்கூட, சில ஆண்டுகளில் கணினி நிரந்தரமாக மந்தமாகிவிடும்; எச்சரிக்கை எதுவும் திரையில் வராது. கருவி மேலாளரில் அந்த வட்டுச் சேனலை நீக்கிவிட்டு மீண்டும் தொடங்கினால் எண்ணிக்கை அழிந்து பழைய வேகம் திரும்பிற்று. ஃபார்மட் போட்டாலும் வேகம் திரும்பியது என்பதுதான் இதில் உள்ள முரண். கேபிள் மாற்றப்படாததால் சில மாதங்களில் மந்தமும் திரும்பியது, அடுத்த ஃபார்மட்டும் வந்தது.

இன்று அதே இடத்தைப் பிடித்திருப்பது, தேய்ந்துவரும் ஹார்ட் டிஸ்க். சுழலும் தட்டின் ஒரு பகுதியைப் படிக்க முடியாதபோது வட்டு உடனே தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் அதே இடத்தைப் பலமுறை மீண்டும் மீண்டும் படிக்க முயல்கிறது. அந்த நொடிகளில் இயங்குதளம் பதிலுக்காகக் காத்துநிற்க, சுட்டெலி அசைந்தும் சாளரங்கள் அசையாமல் திரை உறைந்துபோகிறது. பார்ப்பவருக்கு இது விண்டோஸின் கோளாறாகவே தோன்றும். வட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் எனப்படும் பதிவேட்டை, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச நிரலால் படிக்கலாம். அதில் 5ஆம் எண்ணுள்ள வரி, கெட்டுப்போனதால் வேறிடத்துக்கு மாற்றப்பட்ட பகுதிகளின் கணக்கு. 197ஆம் வரி, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் பகுதிகளின் கணக்கு. 199ஆம் வரி மட்டும் உயர்ந்துகொண்டே போனால் ஐயத்துக்கு உரியது வட்டு அன்று, கேபிள். ஆனால் பதிவேடு சுத்தமாக இருப்பதை நல்லுடல் சான்றாக எடுத்துக்கொள்ளலாகாது. கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளைக் கவனித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை காட்டிய வட்டு அடுத்த 60 நாட்களில் செயலிழக்கும் வாய்ப்பு, பிழை காட்டாத வட்டைவிட 39 மடங்கு என்று கண்டார்கள். அதே ஆய்வில், செயலிழந்த வட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை வலுவான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூட முன்னதாகக் காட்டவில்லை என்றும் தெரியவந்தது.

இதிலிருந்து பழுதுபார்ப்பவர் பின்பற்ற வேண்டிய முறைவரிசை ஒன்று பிறக்கிறது. வட்டின் மீது ஐயம் எழுந்ததும் முதல் வேலை தரவை வெளியே நகலெடுப்பது. சோதனையும் திருத்தமும் அதற்குப் பின்புதான். கோப்பு முறைமையைச் சரிசெய்யும் செக்டிஸ்க் கட்டளையை முழு வட்டையும் அலசும்படி ஏவினால், சாகக்கிடக்கும் வட்டு மணிக்கணக்கில் ஓடி, மீட்டிருக்கக்கூடிய தரவையும் இழக்க நேரிடலாம். நல்ல பகுதிகளை முதலில் விரைந்து நகலெடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் பகுதிகளுக்குப் பிறகு திரும்பும் டிடிரெஸ்க்யூ என்னும் கட்டற்ற நிரல் இத்தகைய வேளைக்கென்றே எழுதப்பட்டது.

வட்டு நலமாக இருந்தும் மந்தம் நீங்காத கணினிகள் உண்டு. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டில் தேவையான இடம் படிப்பானுக்குக் கீழே வந்துசேரச் சராசரியாக 4 மில்லிநொடிக்கு மேல் ஆகிறது. படிப்பான் நகரும் நேரத்தையும் சேர்த்தால், சிதறிக்கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு ஏறத்தாழ நூறு முறைக்குமேல் தொட முடியாது. விண்டோஸ் 10 பின்னணியில் செய்யும் தேடல் அட்டவணை, வைரஸ் அலசல், அப்டேட் தயாரிப்பு ஆகியவை அந்த நூறையும் விழுங்கிவிடுவதால், டாஸ்க் மேனேஜரில் வட்டுப் பயன்பாடு 100 விழுக்காட்டிலேயே நிற்கிறது. சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி இதே வேலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும். பழைய கணினிக்குச் செய்யக்கூடிய செலவுகளில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை என்று துணிந்து சொல்லலாம். ஒவ்வொரு சேவையாக நிறுத்திப்பார்த்து நாளைக் கழிப்பதைவிட இது நேர்வழி.

நினைவகம், மின்வழங்கி, வெப்பம் ஆகியவற்றின் கோளாறுகளை மென்பொருளிலிருந்து பிரித்தறிய ஓர் எளிய உரைகல் இருக்கிறது. நீலத்திரை ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டையும் ஒரே டிரைவரின் பெயரையும் காட்டினால் குற்றம் பெரும்பாலும் மென்பொருளில். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு குறியீடு வந்தால் பெரும்பாலும் நினைவகத்திலோ மின்சாரத்திலோ. கிரிஸ் பிரேடி 1994இல் எழுதிய மெம்டெஸ்ட்86 நிரலின் வழித்தோன்றல்கள் இயங்குதளத்தைச் சாராமல் தனியே தொடங்கி ரேமை இரவு முழுவதும் சோதிக்கின்றன. ரேம் துண்டைக் கழற்றி அதன் பொன்முலாம் பூசிய விளிம்பைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் துடைத்து மாட்டும் கடைப் பழக்கம் சிரிப்புக்கு உரியதன்று. தொடர்பில் படிந்த அழுக்குப் படலம் அகன்று கணினி உயிர்பெறுவது அடிக்கடி நடப்பது. இன்னும் உறுதியான பிரிப்புக்கு, யுஎஸ்பி பென்டிரைவிலிருந்தே இயங்கும் ஒரு லினக்ஸைத் தொடங்கி ஓரிரு மணி நேரம் பயன்படுத்திப் பார்க்கலாம். முற்றிலும் வேறான இயங்குதளத்திலும் அதே உறைதலும் அணைதலும் தொடர்ந்தால், விண்டோஸை மீண்டும் நிறுவுவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. சேஃப் மோட் இதன் மறுபக்கத்தைக் காட்டும்: இன்றியமையாத டிரைவர்களோடு மட்டும் தொடங்கும் அந்த நிலையில் கோளாறு மறைந்தால், விலக்கப்பட்டவற்றுள் ஏதோ ஒன்றுதான் காரணம்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, விண்டோஸ் தானே எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவேட்டைப் படிக்கலாம். பலர் அதைத் திறப்பதே இல்லை. அதில் டிஸ்க் என்ற மூலத்தின் பெயரில் 7ஆம் எண் நிகழ்வு பதிவாகியிருந்தால் வட்டில் கெட்ட பகுதி உண்டு என்று பொருள். கெர்னல்-பவர் என்ற பெயரில் வரும் 41ஆம் எண், முறையாக அணைக்கப்படாமல் கணினி நின்றுபோனதை மட்டுமே சொல்லும். அது காரணத்தின் பெயரன்று, விளைவின் பெயர். இந்த வேறுபாடு தெரியாமல் 41ஐத் துரத்திக்கொண்டு டிரைவர்களை மாற்றியபடி இருப்பவர்கள் பலர்.

மாறிய வெளியுலகம்

வன்பொருள் முற்றிலும் நலமாக இருந்து, மென்பொருளில் ஒரு பிட்டும் மாறாமல் இருந்தும், ஒரு கணினி நேற்றுவரை திறந்த தளத்தை இன்று திறக்க மறுக்கலாம். இணையச் சான்றிதழ்களின் நம்பகம், ஒவ்வொரு இயங்குதளத்திலும் முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கும் வேர்ச்சான்றிதழ்களின் பட்டியலிலிருந்து பிறக்கிறது. இலட்சக்கணக்கான தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு தொடக்கத்தில் சார்ந்திருந்த வேர்ச்சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. அதற்கு மாற்றாக வந்த வேரைத் தம் பட்டியலில் பெற்றிராத பழைய கருவிகள் அன்று முதல் பல தளங்களை நம்ப மறுத்தன. பரிமாற்றத்தை மறையாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையின் 1.0, 1.1 பதிப்புகளை முன்னணி உலாவிகள் 2020இல் கைவிட்டன. எக்ஸ்பியின் உள்ளமைந்த நூலகத்துக்கு 1.0க்கு மேல் தெரியாது. விண்டோஸ் 7க்கு 1.2 தெரிந்தும், அதன் பல பகுதிகளில் அது இயல்பாக அணைத்துவைக்கப்பட்டிருந்தது. விண்டோஸ் 7க்கான குரோம் உலாவி 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது.

ஃபார்மட் மருந்து தீங்காக மாறுவது இந்த இடத்தில்தான். மைக்ரோசாஃப்ட் தன் திருத்தங்கள் தன்னிடமிருந்தே வந்தவை என்பதை மெய்ப்பிக்க அவற்றில் மின்கையொப்பம் இடுகிறது. அக்கையொப்பத்துக்கு அடிப்படையாக இருந்த ஷா-1 என்னும் கணிப்புமுறை உடைக்கப்படக்கூடியது என்பதை, ஆம்ஸ்டர்டாமில் உள்ள கணித ஆய்வு நிறுவனமும் கூகுளும் 2017 பிப்ரவரியில் செயல்முறையில் காட்டின. 2019இல் விண்டோஸ் 7க்கான திருத்தங்கள் ஷா-2 கையொப்பத்துக்கு மட்டுமே மாறின. அதைப் புரிந்துகொள்ளும் திறனை, இயங்கிக்கொண்டிருந்த கணினிகள் அவ்வாண்டிலேயே ஒரு திருத்தத்தின் மூலம் பெற்றுக்கொண்டன. இன்று ஒருவர் அதே கணினியை அழித்து, 2011ஆம் ஆண்டின் முதல் சர்வீஸ் பேக் அடங்கிய டிவிடியிலிருந்து விண்டோஸ் 7ஐப் புதிதாக நிறுவினால், அது 2011இன் உலகத்தில் கண்விழிக்கிறது. புதிய கையொப்பத்தைப் படிக்கத் தெரியாத அது அப்டேட் வழங்கியைத் தொடர்புகொள்ள முடியாமல் திணறுகிறது. திருத்தங்களைத் தனியே இறக்கி நிறுவ முயன்றாலும் 80092004 என்ற பிழை எண்ணைக் காட்டி மறுக்கிறது. கேபி 4490628, பிறகு கேபி 4474419 என்ற இரு திருத்தங்களையும் வேறொரு கணினியில் இறக்கி, அந்த வரிசையிலேயே நிறுவிய பின்புதான் மற்றவை ஏறும். ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகக் காலத்தோடு நடந்துவந்த ஓர் அமைப்பை ஒரே மூச்சில் பின்னுக்குத் தள்ளிவிட்டு, அதற்குச் சுத்தம் செய்தல் என்று பெயர் வைப்பது பொருந்தாது.

திருத்தங்களே நோயான கதைகளும் உண்டு. 2013இன் இறுதியில் எக்ஸ்பி கணினிகள் தொடங்கியவுடன் செயலியின் முழுத்திறனும் எஸ்விசிஹோஸ்ட் என்னும் சேவைக்கே போய், மணிக்கணக்கில் எதுவும் செய்ய இயலாத நிலை பரவலாக ஏற்பட்டது. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கான ஒவ்வொரு தொகுப்புத் திருத்தமும் தனக்கு முந்தையதை மாற்றி வந்ததால் நீண்ட சங்கிலி உருவாகியிருந்தது; எந்தத் திருத்தம் எதை மாற்றுகிறது என்று சரிபார்க்கும் கணிப்பு, சங்கிலியில் ஒரு கண்ணி கூடுந்தோறும் அடுக்கடுக்காகப் பெருகியது. வீட்டில் எத்தனை முறை ஃபார்மட் போட்டாலும் அது தீரவில்லை, ஏனெனில் நோய் வழங்கியில் இருந்த பட்டியலில் இருந்தது. 2014 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் பழைய கண்ணிகளைப் பட்டியலிலிருந்து நீக்கியபோது அது தணிந்தது. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற செயலிப் பலவீனங்களுக்காக வந்த திருத்தம், பழைய ஏஎம்டி செயலிகள் சிலவற்றைக் கொண்ட கணினிகளைத் தொடங்கவே விடாமல் செய்ததால், அவற்றுக்கு வழங்குவது சில நாட்கள் நிறுத்திவைக்கப்பட்டது. ஒரு கணினி திடீரென நிலைகுலைந்தால், அதற்கு முந்தைய நாளில் நிறுவப்பட்டது என்ன என்று பார்ப்பது இதனால்தான் முதல் கடமையாகிறது.

உள்ளே சேரும் குப்பை என்ற மூன்றாம் காரணம் கற்பனையன்று. நீக்கப்பட்ட நிரலின் எஞ்சிய டிரைவர், ஒரே வேளையில் இயங்கும் இரண்டு வைரஸ் தடுப்புகள், தொடக்கத்தில் வரிசைகட்டி நிற்கும் இருபது நிரல்கள் ஆகியவை உண்மையான சுமைகளே. எம்எஸ்கான்ஃபிக் கருவியால் மைக்ரோசாஃப்ட் அல்லாத சேவைகளை நிறுத்தித் தொடங்கி, பாதி பாதியாகத் திரும்பச் சேர்த்து வந்தால் குற்றவாளி அகப்படும். சிதைந்த அமைப்புக் கோப்புகளை எஸ்எஃப்சி என்னும் கட்டளை சேமிப்பிலுள்ள மூலத்தோடு ஒப்பிட்டு மாற்றும். அந்தச் சேமிப்பே சிதைந்திருந்தால், விண்டோஸ் 8 முதல் டிஸ்ம் கட்டளை அதைப் புதுப்பிக்கும். இவற்றைச் செய்தும் அடங்காதபோது ஃபார்மட் நியாயமான முடிவு. ரெஜிஸ்ட்ரியைச் சுத்தப்படுத்தி வேகம் கூட்டுவதாக விளம்பரம் செய்யும் நிரல்களோ நன்மையைவிடத் தீமையே மிகுதியாகச் செய்கின்றன. அவற்றின் பயன்பாட்டை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் மிஞ்சிய சில ஆயிரம் வரிகள் ஒரு கணினியை உணரத்தக்க அளவுக்கு மந்தமாக்குவதில்லை.

அடுத்த இயங்குதளம்

2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, மறைச்சாவிகளைக் காக்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதியையும், இன்டெல் வகையில் ஏறத்தாழ 2017இன் இறுதிக்குப் பிந்தைய எட்டாம் தலைமுறைச் செயலியையும் கட்டாயமாக்கியதால், நன்கு இயங்கும் எண்ணற்ற கணினிகள் வாசலிலேயே நிறுத்தப்பட்டன. சோதனையை ஏமாற்றி நிறுவும் வழிகள் உலவுகின்றன. ஆனால் 2024ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் செயலியே சில கட்டளைகளை அறிந்திருக்க வேண்டும் என்று ஆகிவிட்டதால், கோர் 2 டியோ காலத்துப் பொறிகளில் அந்த ஏமாற்றும் செல்லாது. விண்டோஸ் 10க்கு வீட்டுப் பயனர் பதிவுசெய்து பெறக்கூடிய நீட்டிப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை என்றே அறிவிக்கப்பட்டன.

எஞ்சும் வழி லினக்ஸ். அங்கும் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகின்றன. உபுண்டு தன் 32 பிட் மேசைப்பதிப்பை 2017இலேயே கைவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் கணினிக்கான நிறுவுநிரல் இல்லை. சென்னையில் உள்ள சி-டாக் மையத்தில் உருவாகி, தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸுடன் சேர்த்துத் தரப்பட்ட பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. எனினும் 32 பிட் விண்டோஸ் ஓடுகிறது என்பதாலேயே செயலியும் 32 பிட் என்று முடிவுகட்டிவிடலாகாது. 2006இல் வந்த கோர் 2 டியோவும் அதற்குச் சற்று முந்தைய பென்டியம் 4 வகைகளில் சிலவும் 64 பிட் திறன் உடையவை. நிறுவும்போது திரை கருத்து நின்றுவிட்டால், பழைய வரைகலை அட்டைக்கும் கெர்னலுக்கும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். தொடக்கப் பட்டியலில் ‘நோமோட்செட்’ என்ற சொல்லைச் சேர்த்தால், எளிய காட்சி முறையில் வேலை தொடரும்.

எந்த வழியிலும் போக முடியாத கணினிகளும் உள்ளன. தமிழகத்தின் அச்சகங்களிலும் டிடிபி நிலையங்களிலும் பேஜ்மேக்கர் 7.0க்காகவும், அதனோடு சேர்ந்த பழைய தமிழ் எழுத்துருக்களுக்காகவும், பின்புற இணைத்துறையில் செருகிய உரிமப் பூட்டுக்காகவும் எக்ஸ்பி கணினிகள் இன்னும் காக்கப்படுகின்றன. உரிமப் பூட்டு அந்தத் துறையைத்தான் தேடும், அந்தத் துறை புதிய மதர்போர்டுகளில் கிடைப்பது அரிது. இத்தகைய பொறியை வலையமைப்பிலிருந்து துண்டித்து வைப்பதும், அதன் வட்டை ஓர் எஸ்எஸ்டிக்கு அப்படியே பிரதியெடுத்து வைப்பதும், பயாஸ் திரைகளைக் கைபேசியில் படம்பிடித்து வைப்பதும் போதுமான காப்பு. அதைவிட அவசரமானது உள்ளே இருக்கும் எழுத்து. 1999இல் தமிழக அரசு அறிவித்த டாம், டாப் குறியேற்றங்களிலும், அவற்றுக்கு முந்தைய தனியார் எழுத்துருக்களிலும் தட்டச்சு செய்யப்பட்ட நூல்கள், அந்தந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகவே தெரியும். அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்ட பின்னும் பல பதிப்பகங்களின் பழைய கோப்புகள் மாற்றப்படாமல் கிடக்கின்றன. பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்து உரையை வெளியே எடுத்து, மாற்றி நிரலால் ஒருங்குறிக்குக் கொண்டுவந்து, மூலத்தோடு ஒப்பிட்டு மெய்ப்புப் பார்க்கும் வேலைக்கு அந்தப் பழைய கணினி உயிரோடு இருந்தாக வேண்டும். செல்லை மாற்றி, கேபிளை மாற்றி, ரேமைத் துடைத்து அதை இன்னும் ஓராண்டு ஓட்டுவதற்கு, அச்சகக்காரருக்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.